காலடி எண்

பெயர் வைக்கத் தெரியாத மனுஷி என்றுதான் முதலில் அவரைப் பற்றி நினைத்தேன். தெரியாமல் இல்லை, பிடிக்காது என்பது புரியக் கொஞ்ச காலம் ஆனது.

நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. கீழே தையல் கூடம், மேலே மாடியில் தீப்பெட்டி மாதிரி ஒரு அறை. அதில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எந்த ஆள் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார், எந்த லைனில் எத்தனை பேர் இருந்தால் ஆர்டர் முடியும் என்று கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவது அவர் வேலை. அவர் கணக்கு துப்புகிற எண்களுக்குப் பக்கத்தில் ஆட்களின் பெயரைச் சேர்த்துக் கீழே அனுப்புவது என் வேலை. குன்னத்தூரில் என் அம்மா, "எம்புள்ள கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கறா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பனியன் கம்பெனிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அதுவும் கம்ப்யூட்டர் கம்பெனிதானே, விடுங்கள்.

அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பையன் எல்லாவற்றுக்கும் முழ நீளத்துக்குப் பெயர் வைத்திருந்தான். 'லைன் த்ரீ ஸ்லீவ் டைம் நியூ ஃபைனல் டூ' என்று ஒன்று. அதற்குக் கீழேயே 'ஃபைனல் த்ரீ' என்று இன்னொன்று. அக்கா வந்ததும் அத்தனையையும் வழித்துப் போட்டுவிட்டு, 'டி' என்று ஒரே ஓர் எழுத்தை வைத்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கீழே எல்லாருக்கும் மேடம்.

"ஏனுங்க்கா, வெறும் டின்னா என்னன்னு யாருக்குங்க தெரியும்?"

"டைம்."

"யாரு டைமுங்க?"

"எல்லாரு டைமும்."

எழுந்து போய் வெள்ளைப் பலகையில் 'டி' என்று பெரிதாக எழுதினார். அதன் காலடியில் சின்னதாக ஐ, ஜே என்று இரண்டு எழுத்து. "ஐ ஆளு. ஜே வேலை. ஐங்கிற ஆளு ஜேங்கிற வேலையில ஒரு கட்டுத் துணி முடிக்க எடுக்கிற நேரம். அம்புட்டுதான் பிள்ள." பலகையின் மேல் மூலையில் 'ஐ என்பது ஆள்' என்று தமிழில் எழுதிக் கட்டம் போட்டு, அழிக்கக் கூடாது என்றும் எழுதி வைத்தார். கணக்கில் ஒரு காலடி எழுத்தைப் போட்டால், அது எதை எண்ணுகிறது என்று முதலில் சொல்லிவிட வேண்டுமாம். சொல்லாமல் ஆரம்பிக்கிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

நான் தமிழ் மீடியம். பிளஸ் டூவில் அணி, நிரை, நிரல் என்று படித்தவள். "இதுக்கு உங்க புஸ்தகத்துல என்ன பேரு?" என்று கேட்டார். "புஸ்தகத்துல என்னமோ போட்டிருந்துச்சுங்க்கா. எங்க வாத்தியார் காலடி எண்ணும்பாருங்க" என்றேன். அது அவருக்குப் பிடித்துப் போனது. அதிலிருந்து அவரும் காலடி எண் என்றே சொன்னார். அவருக்குப் பிடித்துப்போய் அவர் எடுத்துக்கொண்ட ஒரே பெயர் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்தால் அந்தக் காலடி எண்ணையும் காணோம். நான் பார்த்த மற்றவர்களின் புரோகிராமில் ஒவ்வோர் ஆளாகப் போய், ஒவ்வொரு வேலையாகப் போய் என்று பக்கம் பக்கமாக ஓடும். இவர் 'டியை எஸ்ஸால் வகு' என்று ஒரு வரி எழுதுவார். எஸ் என்றால் கம்பெனி வைத்திருக்கும் கெடு நேரம். மொத்தக் கூடத்துக்கும் ஒரே அடியில் கணக்கு வந்து நிற்கும்.

"போர்டுல ஐ இருக்குதுங்க, ஜே இருக்குதுங்க. இங்க ஒண்ணையுங் காணமுங்களே?"

"இந்த மொழியில எழுத வேண்டாம். அணி மொத்தத்தையும் ஒரே பொருளா எடுத்துக்கிடும். ஆளுக்கு ஆளு போய் நிக்க வேண்டாம்லா."

"அப்ப காலடி எண்ணு போயிருச்சுங்களா?"

"அது எங்க போவும்? உள்ளுக்குள்ள இருக்கு. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

இதைச் சொல்லும்போதும் முகத்தில் ஒன்றும் இராது. சந்தோஷம், சலிப்பு, கோபம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே முகம்தான். கீழே கூடத்தின் வழியாக நடந்து போவார். நூறு ஓவர்லாக் தையல் மிஷின் ஒரே நேரத்தில் கத்தும், எந்தப் பக்கமும் திரும்ப மாட்டார். ஒருமுறை மாடிப்படியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே "நல்லா இருக்கீங்களா மேடம்" என்றாள். இவர் தலையை ஆட்டிவிட்டு மேலே வந்து, "அது யாரு?" என்று என்னிடம் கேட்டார். நான் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம், வேண்டாம். பேரைச் சொன்னா மூஞ்சி வந்துரும். மூஞ்சி வந்துட்டுன்னா கணக்கு ஓடாது" என்றார். என்ன ஜென்மமோ என்று அன்றைக்கு நினைத்தேன்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கோயம்புத்தூர் ரோட்டில் ஒரு என்ஜினியரிங் காலேஜில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவர். அதைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: "படிக்கப் பிள்ளைய வரல. காலேஜை மூடிட்டாவ." அந்தச் சமயத்தில் அவருக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தது அவருடைய தங்கை. தங்கை எங்கள் கம்பெனியில் வெகு நாளாக ஓவர்லாக் டெய்லர். மேனேஜரிடம் தானே போய், "எங்கக்கா பெரிய கணக்கு டீச்சர் சார், உங்க கம்ப்யூட்டர்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அளந்துவிட்டு வந்திருக்கிறாள். அக்காவும் தங்கையும் வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் சேர்ந்து இருந்தார்கள். பேச்சு மொத்தத்தையும் தங்கைக்குக் கொடுத்துவிட்டு மௌனத்தை இவர் எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையல் மேடைக்கு மேலே ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்கள், வரிசை வரிசையாக. ஒன்றின் மேலும் ஒரு சீட்டு இல்லை. "ரெண்டாவது தட்டுல மூணாவது மல்லி, நாலாவது சீரகம். எதுக்கு ஒட்டணும்?" என்றார். தங்கை உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். "கேளு கண்ணு, இவ கூத்தை! போன கிறிஸ்மஸுக்குத் தட்டைத் துடைச்சிட்டு டப்பாவை மாத்தி வெச்சிட்டேன். இவ சீனி எடத்துல இருந்த உப்பை எடுத்துக் காப்பியில போட்டு, ஒரு வார்த்தை சொல்லாம மொத்தத்தையும் குடிச்சிட்டுப் போய்ட்டா. நான் என் காப்பியை வாயில வெச்சப்பதான் எனக்கே தெரியுது!" நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "சீனி எடத்துல இருந்துச்சு, குடிச்சேன்" என்றார் அக்கா.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். தங்கைக்கு அவர்தான் தலை பின்னிவிட்டார். முந்தின மழைக்காலத்தில் தங்கைக்குச் சிக்குன்குனியா வந்து காய்ச்சல் விட்டுப் போன பிறகும் விரல் மூட்டு வலி விடவில்லை. காலையில் எழுந்தால் விரலை மடக்கவே முடியாது. வெயில் ஏற ஏறத்தான் கொஞ்சம் இளகும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறக்குறைய பழைய கை வந்துவிடும். "காலையில நான் நொண்டி, சாயங்காலம் நான் சிங்கம்" என்று அதையும் சிரிப்பாகச் சொன்னாள்.

கூடத்தில் அந்த வருஷம் ஏர் கூலர் குழாய் போட்டிருந்தார்கள். அதன் வாய் ஒன்று சரியாகத் தங்கையின் மிஷினுக்கு மேலே திறந்தது. குளிர்காற்று நேராக விரலில் விழும். பக்கத்து மிஷினில் இருந்தவள் சுனிதா, ஒடிசாக்காரி, கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அக்கா என்பதற்கு அவள் தீதி என்பாள். தங்கை விரலை ஊதி ஊதித் தைப்பதைப் பார்த்துவிட்டு, "தீதி, நீங்க இங்க வாங்க. எனக்குக் காத்து நல்லா இருக்கும்" என்று அரைத் தமிழில் சொல்லி, அவளே எழுந்து இடம் மாறிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் பனியனுக்குக் கை ஏற்றுகிற வேலைதான். சம்பளமும் ஷிப்டுக்குத்தான். சூப்பர்வைசர் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். எங்கள் ஊர் லைன்களில் இதெல்லாம் சாதாரணம். வாசல் பக்கம் மசக்கைக்காரிக்கு, ஃபேன் பக்கம் வயசானவர்களுக்கு என்று அவர்களுக்குள் மாறி மாறி உட்காருவார்கள். மேலே மாடியில் இருந்த எங்களுக்கு அப்போது இந்த மாற்றம் தெரியாது.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு மிஷினிலும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள். கட்டு முடிந்ததும் பட்டனை அழுத்தினால் நேரம் மேலே அக்காவின் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். எந்தப் பெட்டி யாருடையது என்பதைப் பழைய சீட்டிங் படத்தைப் பார்த்து ஆபீசில் எழுதிக் கொடுத்தார்கள். முதல் நாள் எண்கள் வந்து விழுந்தபோது, அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் ஆசையாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆறேழு மாதம் கழித்து வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனது. ஒரு லைனை மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஒரு நாள் மேனேஜர் மாடிக்கே வந்துவிட்டார். பெரிய தோட்டத்துக் குடும்பம், அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன்.

"ஏனுங் மேடம், ஓவர்லாக்குல எட்டுப் பேரை நிறுத்தோணுமுங்க. நாம பேர் பாத்து எடுத்தா பொல்லாப்புங்க. நம்ம சாதிக்காரன், இந்திக்காரன்னு பஞ்சாயத்து வந்துரும். கம்ப்யூட்டரே சொல்லட்டுமுங்க."

"சொல்லும்" என்றார் அக்கா.

தங்கையும் ஓவர்லாக்தானே. இவருக்கு அது தோன்றவில்லையா என்று முகத்தைப் பார்த்தேன். அதே முகம். மேனேஜர் போனதும் வாய்விட்டே கேட்டேன். "அக்கா, தங்கச்சி இருக்கறாங்களே, விரலு வேற…"

"வந்தா வரும்" என்றார். அவ்வளவுதான். அப்படியே அறைந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

ஒரே வரி எழுதினார். நிரை நிரையாகக் கூட்டி, வரிசைப்படுத்தி, கடைசி எட்டை எடு. எண்கள் வந்தன. நான் பெயர்களைப் பக்கத்தில் சேர்த்தேன். எட்டுப் பேரில் தங்கை இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகுதான் எட்டாவது பெயரைப் பார்த்தேன். சுனிதா.

"என்னங்க்கா இது, சுனிதாவாம்! அந்தப் புள்ள கை காத்தாட்டம் போகுமுங்க. லைன்லயே அவ கையைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க."

ஒரு பெயரைக் கேட்டு அவர் திரும்பியது அப்போதுதான். "எந்த எண்ணு?" என்றார். சொன்னேன். அந்த ஒற்றை நிரையை மட்டும் திறந்து, நாள் வாரியாக, மணி வாரியாகப் பரப்பிப் போட்டார். காலையில் ஒரு கட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிற நேரம். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் குறைகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாகவே குறைகிறது. மறுநாள் காலையில் பழையபடி ஏறுகிறது. எல்லா நாளும் அப்படியே. மழை நாட்களில் மத்தியானத்திலும் இறங்கவில்லை.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கும் விளங்கிவிட்டது.

"இது அந்தப் பிள்ள இல்ல," என்றார். "இது எங்க வீட்டுக் கை."

எழுந்து பலகைக்குப் போய், கட்டம் போட்டு வைத்திருந்த 'ஆள்' என்பதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, 'இடம்' என்று எழுதினார். "நான் ஐயை ஆளுன்னு எழுதிட்டேன். பெட்டி இடத்தைத்தான் எண்ணியிருக்கு" என்றார். தவறான விடைக்கு வட்டம் போடுகிற டீச்சர் குரலில் சொன்னார்.

நான் கதவைச் சாத்தினேன். "அக்கா, சொல்றதைக் கேளுங்க. இது உங்களுக்கும் எனக்குந்தான் தெரியும். விட்டுருங்க. சுனிதாவுக்கு என்ன, சின்ன வயசு, அந்தக் கைக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை கெடைக்கும். தங்கச்சிக்கு இந்த விரலோட எவன் வேலை குடுப்பான்?" அப்படித்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"வேலை போனா அந்தப் பிள்ளைக்கு ஹாஸ்டல் கட்டிலும் போவும்லா" என்றார்.

"உங்களுக்குச் சோறு போட்டது தங்கச்சிங்க்கா!"

"ஆமா" என்றார். அதற்கும் குரல் ஏறவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டுக்கொண்டு கீழே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

டீ நேரம். மிஷின்கள் நின்றிருந்தன. தங்கையின் முன்னால் போய் நின்று, கூடமே கேட்க, "நீ இந்த எடத்துல எத்தனை நாளா உக்காந்திருக்க?" என்றார். தங்கை சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். மேனேஜரையும் என்னையும் பார்த்தாள். டீ டம்ளரைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. சுனிதா முந்திக்கொண்டு, "நான்தான் மேடம் மாறச் சொன்னேன். தீதிக்குக் குளிர்" என்றாள். தனக்குச் சாதகமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. தீதியைத் திட்டப்போகிறார்கள் என்று பயந்துதான் சொன்னாள்.

"பெட்டி மாட்டுறதுக்கு முந்தியே மாறிட்டோம்" என்றாள் தங்கை, மெதுவாக.

இடம் மாறிய மற்றவர்களையும் சூப்பர்வைசரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, மேலே வந்து நிரைகளை இடம் மாற்றி எடுக்க இன்னும் ஒரு வரி எழுதினார். சுனிதாவின் எண் மேலே ஏறியது. எட்டாவதாக வந்து நின்ற எண்ணுக்குப் பக்கத்தில் நான் தங்கையின் பெயரைச் சேர்த்தேன்.

மேனேஜர் நெளிந்தார். "மேடம், ஒரு ஆளுதானுங்க. உங்க தங்கச்சிங்கறப்ப… விட்டுறலாமுங்க."

"அப்ப அவளுக்கு மேல இருக்கிற எண்ணை எடுக்கணும். எடுக்கட்டா?"

மேனேஜர் பட்டியலை எடுத்துக்கொண்டார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

கூடத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. கூடப் பிறந்தவளையே வெட்டிவிட்ட கல்நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர். நேர்மை என்றால் இதுவல்லவா நேர்மை என்றார்கள் சிலர். நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. எதிரே உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். அவர் மத்தியானம் தயிர்ச்சாதத்தைத் திறந்து சாப்பிட்டார், மூடி வைத்தார், கை கழுவினார். கொஞ்ச நாளில் எனக்கும் மரத்துவிட்டது.

அடுத்த மாதத்து ஞாயிறு ஒன்றில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வேலம்பாளையம் போனேன். சண்டை நடந்துகொண்டிருக்கும் என்று பயந்துகொண்டுதான் போனேன். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து இருவரும் சமைத்து முடித்திருந்தார்கள். அதற்குள் தங்கை பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன யூனிட்டில் தைத்த பனியன்களுக்குப் பிசிர் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். "கத்திரி பிடிக்கத்தான் சிரமமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பேச்சில்லாத தங்கையோடு சாப்பிடுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

பாதிச் சாப்பாட்டில் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏக்கா" என்றாள்.

"ம்."

"அன்னைக்கு நீ என்னையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா, நான் இடம் மாறவே இல்லைன்னு சொல்லியிருப்பேன். சுனிதா போவான்னு தெரிஞ்சே சொல்லியிருப்பேன்."

அக்கா அவள் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். "அதாம்ட்டி எல்லாரு முன்னாடியும் கேட்டேன்."

தங்கை தட்டை அருகில் இழுத்துக்கொண்டாள். பிறகு சோற்றைப் பிசைந்தாள். நான் என் தட்டை நகர்த்தி வைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தார்கள்.